அரை டேங்க்

முதல் தடவை மூன்றடைப்பில் நின்றது.
ஊர்ப்பேரைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
போனில் முப்பிடாதி சிரிக்கவில்லை.
"மிதிக்கேன் அக்கா, ஏறமாட்டேங்கு.
ரெண்டு இருமு இருமுது, அணைஞ்சிருது.
கரும்புகை இல்ல, வெள்ளப்புகை இல்ல,
மஞ்ச லைட்டு மட்டும் எரியுது."

கைப்பம்ப் அடித்துக் காற்றை எடுத்து
அஞ்சு கிலோமீட்டருக்கு ஒருதரம் இறங்கி ஏறி
ராத்திரி ஒன்றரைக்குத் தச்சநல்லூர் வந்தான்.
எங்கள் பற்று இருக்கிற பங்க் அங்கே.
அடுத்த கேட், கம்பெனி சர்வீஸ்.
"ஃபுல் பண்ணிட்டு உள்ள விடு" என்றேன்.

அட்வைசர் பெயர் செல்வின்.
கழுத்தில் பட்டை, கையில் டேப்லெட்.
வண்டிக்கு லேப்டாப் சொருகி
"ரெயில் பிரஷர் கம்மின்னு காட்டுது மேடம்" என்றான்.
காட்டியது உண்மைதான்.
காய்ச்சல் என்று தெர்மாமீட்டர் காட்டுவதும் உண்மைதான்.

ஃபில்டர் மாற்றினார்கள், நாலாயிரத்து இருநூறு.
கே.டி.சி. நகர் பாலம் வரை ஓட்டிப் பார்த்து
"குதிரை மாதிரி இருக்கு" என்றார்கள்.
பணகுடிக் காற்றாடிகளுக்கு நடுவில்
குதிரை படுத்துக்கொண்டது.

சென்சார், பதினோராயிரம்.
மறுபடி மூன்றடைப்பு.
ஹை பிரஷர் பம்ப், எண்பத்தேழாயிரம்.
வாரண்டி?
"டீசல் கலப்படம்னு கம்பெனி ரிஜெக்ட் பண்ணிட்டாங்க.
மெயில் வந்திருக்கு மேடம்."
காட்டச் சொன்னேன். சர்வர் டவுனாம்.
ஃபைனான்ஸ்காரன் சர்வர் மட்டும்
ஐந்தாம் தேதி ஒருநாளும் டவுன் ஆவதில்லை.

பம்ப் மாற்றிய ஒன்பதாம் நாள்
வள்ளியூர்ப் பாலத்தில் நின்றது.

நான் ஸ்பேனர் பிடித்தவள் இல்லை,
டீசல் நோட்டு எழுதுகிறவள்.
அன்றைக்கு ராத்திரி கரண்டு போய்ப்போய் வந்தது.
ஊற்றிய தேதிகளுக்குப் பக்கத்தில்
நின்ற தேதிகளை எழுதிப் பார்த்தேன்.
முந்நூற்று அறுபது லிட்டர் டேங்க்.
திருவனந்தபுரம் போய்வர தொண்ணூறு, தொண்ணூற்றைந்து.
முதல் நடையில் அது நின்றதே இல்லை.
நாலு தடவையும் இரண்டாம் நடை, திரும்புகால்,
முள் பாதிக்குக் கீழே சாய்ந்த பிறகு.
நிறைந்த டேங்கோடு ஒருநாளும் நின்றதில்லை.
நிறைந்த டேங்கோடுதான் ஒவ்வொரு தடவையும்
நான் அதைக் காட்ட அனுப்பினேன்.

நோட்டைக் கவுண்டரில் வைத்தேன்.
செல்வின் இரண்டு பக்கம் புரட்டினான்.
"சிஸ்டத்துல இத ஏத்த எடமில்ல மேடம்."
"டேங்க இறக்குங்க."
"எஸ்டிமேட் போடணும்."
"போடுங்க தம்பி. போட்டுட்டு இறக்குங்க."

டேங்குக்குள் நிற்கும் உறிஞ்சுகுழாயைக் கழற்றியது
ஆபேல் என்று ஒரு பயிற்சிப் பையன்.
அடிவாயைக் கட்டைவிரலால் பொத்தி
வாளித் தண்ணீரில் முக்கி
மேல்வாயில் ஊதினான்.
நடுக்குழாயில், வெல்டு ஓரத்தில்,
குமிழ் குமிழாக வந்தது.
மயிரிழைதான்.
டீசல் அதற்கு மேல் நிற்கிறவரை டீசலைக் குடிக்கும்,
கீழே போனால் காற்றைக் குடிக்கும்.
யாரும் பேசவில்லை.
ஆபேல் இன்னொருதரம் ஊதினான்,
அந்தச் சத்தம் பிடித்துப்போய்.

குழாய் ஆயிரத்து எழுநூற்று நாற்பது.
"அப்போ மத்ததுக்கு?"
"அடுத்த சர்வீஸ் லேபர் ஃப்ரீ போட்டுத் தாரேன் மேடம்."
பழைய பம்பைக் கேட்டேன்.
ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்றான்.
"எந்த ஸ்கிராப்?"
சுவரைப் பார்த்தான்.
நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன்.
சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு
புதுப் பம்ப் வந்த அட்டைப்பெட்டியிலேயே
பழையது வந்தது,
ஒரு குறையும் இல்லாமல்.

இப்போது என் மேஜைக்கடியில் இருக்கிறது.
நுகர்வோர் கோர்ட்டில் அடுத்த மாதம் வாய்தா.
கால் அடிக்கடி அதில் இடிக்கிறது.

முப்பிடாதி கூப்பிடுகிறான்,
பணகுடி தாண்டிட்டேன், மூன்றடைப்பும் தாண்டிட்டேன் என்று.
நோட்டில் எழுதுகிறேன்:
கால் டேங்க். ஓடுகிறது.